இடித்த வீட்டிலிருந்து கட்டிய வீடு

பழைய பொருளில் வீடு கட்ட ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் பிளான் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் அந்த அளவுக்குக் கதவும் ஜன்னலும் தேடி ஊர் ஊராக அலைகிறார்கள். ஏழடி உயரத்துக்கு நிலை வேண்டும் என்றால் பழைய மரக்கடையில் ஆறடிதான் இருக்கும். மூன்றரை அடி அகலம் கேட்டால் இரண்டே முக்கால் இருக்கும். கடைசியில் அலுத்துப்போய் புதுசே வாங்கிவிடுவார்கள். இந்த வேலையைத் தலைகீழாகச் செய்தால்தான் கட்டுப்படியாகும். கையில் என்ன இருக்கிறது என்று அளந்து எழுதிவைத்துக்கொண்டு, அந்தக் காகிதத்தோடு இன்ஜினியரிடம் போகவேண்டும்.

நாங்கள் அப்படிச் செய்ததற்குக் காரணம் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, பொருள் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. குளித்தலைக்குப் பக்கத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. பாகப்பிரிவினையில் இரண்டாகி, சித்தப்பா தன் பாதியை இடித்து மாடி வைத்துக் கட்டிவிட்டார். எங்கள் பாதியின் நடுச்சுவர் துணையில்லாமல் நின்று, மழைக்காலத்தில் சாய ஆரம்பித்தது. பழுது பார்த்து வைத்துக்கொள்ள முடியுமா என்று இன்ஜினியரை அழைத்துக் காட்டினோம். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். இடிப்பது என்று முடிவானதும் அப்பா கேட்ட ஒரே கேள்வி, “அந்த மரமெல்லாம் என்னப்பா ஆகும்?”

வீடு இடிக்கும் கான்ட்ராக்டர்கள் சொல்லும் கணக்கு கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும். “நீங்க ஒரு பைசா தரவேணாம் சார். நாங்களே இடிச்சு, மண்ணள்ளி, இடத்தச் சுத்தம் பண்ணிக் குடுத்துருவோம்.” இன்னொருவர் மேலே கொஞ்சம் பணமும் தருகிறேன் என்றார். அவர்கள் தர்மத்துக்கு வேலை செய்யவில்லை. உத்திரம், நிலை, கதவு, ஜன்னல் கம்பி, ஓடு எல்லாம் அவர்களுக்குப் போகும் என்பதுதான் அந்த ஏற்பாடு. அதில் தப்பில்லை, அது அவர்கள் தொழில். ஆனால் பொருளை நீங்களே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் பேச்சு வேறு மாதிரி இருக்கவேண்டும்: இடிக்கக் கூலி தனி, பொருள் எங்களுடையது, கழற்றும்போது உடைந்தால் இவ்வளவு கழித்துக்கொள்வோம். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், ஜேசிபி வேண்டாம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஜேசிபி வந்தால் அரை நாளில் வேலை முடிந்துவிடும், கூடவே பொருளும் முடிந்துவிடும்.

கையால் கழற்றுவதற்கு ஒரு வரிசை உண்டு. வீடு கட்டிய வரிசைக்கு நேர் எதிர். முதலில் ஓடு, அடுத்து ஓட்டைத் தாங்கும் ரீப்பர், பிறகு சட்டம், உத்திரம், கதவு ஜன்னல்கள், கடைசியில் சுவர். நிலைகளைச் சுவர் நிற்கும்போது பிடுங்கினால் மேலே இருக்கும் கல் தலையில் விழும். சுவரோடு சேர்த்துத் தள்ளினால் நிலையின் மூட்டு விட்டுப்போகும். அதனால் நிலைக்கு மேலே உள்ள கல்லை வரிவரியாக எடுத்துவிட்டுத்தான் நிலையை அசைக்கவேண்டும். கழற்றும்போதே ஒவ்வொரு துண்டிலும் எண் போடவேண்டும். சாக்பீஸில் எழுதினால் முதல் தூறலிலேயே போய்விடும், பெயிண்ட்தான் சரி.

அடுக்கி வைக்க இடம் வேண்டும் என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை. மரத்தைத் தரையில் படாமல் கல் வைத்து உயர்த்தி, அடுக்குக்கு இடையே குச்சி வைத்துக் காற்றோட்டமாகப் போடவேண்டும். தார்ப்பாயால் முழுக்க மூடிவிட்டால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டால் அடியில் இருப்பது நொறுங்கும், செங்குத்தாகச் சாய்த்து நிறுத்தவேண்டும். எங்களுக்குப் பக்கத்து வீட்டுக் களம் கிடைத்தது. நகரத்தில் இருப்பவர்கள் இதற்கே வாடகை கொடுக்கவேண்டியிருக்கும், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செங்கல்லில்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. வீட்டின் பழைய பகுதி முழுக்கச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. பின்னால் சமையலறையை நீட்டி, பெரியப்பா எண்பதுகளில் சிமெண்டில் கட்டிய சுவர் ஒன்றும் இருந்தது. சுண்ணாம்புச் சுவரின் கல்லைச் சித்தாள் அம்மா ஒருவர் கையில் எடுத்துக் கொத்துக்கரண்டியின் முதுகால் இரண்டு தட்டுத் தட்டினார், சாந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கல் அப்படியே வந்தது. அடுத்த சுவரின் கல்லை அதே அம்மா தட்டியபோது சிமெண்ட் விடவில்லை, கல்தான் உடைந்தது. கல்லைவிடக் கலவை பலமாக இருந்தால் அந்தச் சுவரிலிருந்து எதுவும் முழுசாகத் திரும்பாது. நூறு வருஷத்துச் சுவர் எங்களுக்கு முழுக் கல்லைத் தந்தது, நாற்பது வருஷத்துச் சுவர் ஜல்லியைத்தான் தந்தது. இன்று சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நான்கு போட்டு இழுத்துக் கட்டும் சுவர்களை எல்லாம் நாளைக்கு இடித்தால் என்ன கிடைக்கும் என்று அப்போதிலிருந்து யோசிக்கிறேன்.

கிடைத்த கல்லை மூன்றாகப் பிரித்தோம்: முழுசு, அரை, நொறுங்கல். முழுசிலும் ஒரு கழிவு உண்டு. தரையை ஒட்டி இருந்த கீழ்வரிசைக் கல் பல வருஷமாக மண்ணின் ஈரத்தை உறிஞ்சி, அதோடு உப்பையும் ஏற்றிக்கொண்டிருக்கும். அதை மறுபடி சுவரில் வைத்துப் பூசினால் பெயிண்ட் பொரிந்து பொரிந்து விழும். சந்தேகமான கல்லை ஒரு தட்டில் ஓர் அங்குலம் தண்ணீர் ஊற்றி நிறுத்திவையுங்கள். தண்ணீர் முழுக்கக் காய்ந்ததும், மறுபடி ஊற்றி, அதுவும் காய்ந்ததும் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அந்தக் கல் தோட்டத்து நடைபாதைக்கு. லேபில் செய்யும் சோதனையும் ஏறக்குறைய இதுதான்.

நல்ல கல்லை உட்சுவர்களுக்கும் சுற்றுச்சுவருக்கும் வைத்தோம். பழைய கல் அளவு ஒன்றுபோல் இருக்காது, தடிமனும் இப்போதைய கல்லைவிடக் குறைவு. அதனால் கொத்தனாருக்கு வரிசை பிடிக்க நேரமாகும். சதுர அடி ரேட் பேசினால் அவர் முகம் சுளிப்பார், நாள் கூலி பேசுவதுதான் இரண்டு பேருக்கும் நியாயம். வைப்பதற்கு முன் தண்ணீரில் நன்றாக ஊறப்போடவேண்டும், இல்லையென்றால் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அரைக்கல்லும் நொறுங்கலும் பேஸ்மெண்ட் நிரப்பவும் தரைக்கு அடியில் போடவும் போதுமானதாக இருந்தன. வெளியிலிருந்து கிராவல் லோடு அடிப்பது பாதியாகக் குறைந்தது. இடிபாட்டைக் குளத்திலோ சாலை ஓரத்திலோ கொட்டக்கூடாது என்று 2016-இலேயே விதி வந்துவிட்டது. எங்கள் பக்கம் அதை யார் கேட்கிறார்கள் என்பது வேறு கதை. சென்னையில் இருப்பவர்களுக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை அரைத்து மறுபடி ஜல்லியாகவும் மணலாகவும் ஆக்கும் நிலையங்களை மாநகராட்சி வைத்திருக்கிறது. அதில் பழைய காங்கிரீட்டை மட்டும் அரைத்த ஜல்லியை, கம்பி கட்டிய காங்கிரீட்டில் எம் 25 என்ற வலிமைத் தரம் வரைக்கும் 20 சதவீதம் சேர்க்கலாம் என்று ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிலையின் திருத்தமே அனுமதிக்கிறது. தூணுக்கும் பீமுக்கும் போடச் சொல்ல மாட்டேன். தரைக்கு அடியில் கம்பியில்லாமல் போடும் காங்கிரீட்டுக்கு (பி.சி.சி.) தாராளமாகப் போடலாம்.

இப்போது மரம். நிறைய பேர் ஆசைப்படுவதும் ஏமாறுவதும் இதில்தான்.

எங்கள் வீட்டு மரம் போதவில்லை. மாடிப்படிக்கும் இரண்டு அறைகளுக்கும் வெளியில் வாங்கவேண்டியிருந்தது. பழைய மரக்கடைக்குப் போகும்போது டேப், டார்ச், ஒரு காந்தம், ஒரு கூரான குத்தூசி இந்த நான்கும் பையில் இருக்கவேண்டும். காந்தம் ஏன் என்றால், பெயிண்டுக்கும் துளையடைத்த மக்குக்கும் அடியில் ஒளிந்திருக்கும் ஆணியைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆணி உள்ள மரத்தைச் சா மில்லில் ஏற்றமாட்டார்கள். பிளேடு ஒன்று போனால் அவர்களுக்கு அன்றைய வருமானமே போய்விடும். ஆணி பிடுங்குவதே ஒரு தனிக் கூலி. குத்தூசி கரையானுக்கு. நிலையின் அடிப்பக்கம், உத்திரம் சுவருக்குள் இருந்த முனை, இந்த இடங்களில் குத்திப் பார்க்கவேண்டும். வெளியே பளபளவென்று இருக்கும், ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். அப்புறம் சின்னச் சின்னத் துளையும், தட்டினால் மாவு மாவாகக் கொட்டுவதும் தெரிந்தால் அது வண்டு. அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், மற்ற மரத்துக்கும் பரவும்.

பெயிண்ட் அடித்த மரம் எல்லாமே கடைக்காரருக்குத் தேக்குதான். அதிலும் பர்மா தேக்கு. எங்கள் ஆசாரி கடைக்காரரிடம் ஒன்றுமே வாதாடவில்லை. இடுப்பிலிருந்து ஒரு சின்ன உளியை எடுத்து, நிலையின் பின்பக்கம், சுவருக்குள் போகிற பக்கமாக, விரல் அகலத்துக்கு ஒரு சீவல் எடுத்தார். அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோனார், என்னிடம் நீட்டினார். “தேய்ச்சுப் பாருங்க தம்பி. பிசுக்குன்னு எண்ணெய் இருக்கா? தோல் வாசன வருதா?” வந்தது. பக்கத்தில் அதே பச்சைப் பெயிண்டில், அதே விலை சொன்ன நிலையில் இன்னொரு சீவல் எடுத்தார். வறவறவென்று இருந்தது, வாசனையே இல்லை. “இது வாகை. நல்ல மரந்தான், பொய் சொல்லக்கூடாதுல்ல. ஆனா தேக்கு வெல சொல்றாரு பாருங்க.” வாகை விலைக்கே வாங்கினோம். சமையலறைப் பக்கத்து நிலை அதுதான்.

பழைய மரத்தில் நமக்குக் கிடைப்பது வைரம், அதாவது மரத்தின் கெட்டியான உள்பகுதி. இன்று தோட்டத்தில் சீக்கிரம் வளர்த்து வெட்டும் தேக்கில் வெள்ளைப் பகுதி அதிகம், கரையானுக்கு அதுதான் பிடித்த தீனி. பழைய உத்திரத்தைக் குறுக்கே அறுத்தால் வருஷ வளையங்கள் நெருக்கமாக, கறுப்போடிப்போய் இருக்கும். அது காய்ந்து முடிந்த மரம், இனிமேல் அவ்வளவாக முறுக்காது, வெடிக்காது. புது நிலை வைத்து இரண்டு கோடைக்குள் கதவு உரசுகிறது என்று புலம்புகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கணக்கு எங்கே இடிக்கும் என்றால் கூலியில். கன அடிக்கு என்று பார்த்தால் பழைய தேக்கு புதிய தேக்கைவிட நன்றாகவே குறைவு. ஆனால் ஆணி பிடுங்கி, பெயிண்ட் சுரண்டி, பழைய துளைக்கு ஆப்பு அடித்து, இழைத்து, அளவுக்கு மூட்டு மாற்ற ஆசாரி எடுக்கும் நாட்கள் அதிகம். எங்களுக்கு மரத்துக்குக் கொடுத்ததைவிட ஆசாரிக்குக் கொடுத்தது கூடுதல். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் நடுத்தரமான புது மரத்தில் செய்திருக்கக்கூடிய செலவுதான் ஆனது. மலிவு என்று நினைத்து இறங்காதீர்கள். அதே பணத்துக்கு நல்ல மரம் கிடைக்கும், அந்தப் பணம் ஊர் ஆசாரி கைக்குப் போகும், அவ்வளவுதான்.

குடுமிக் கதவு பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பழைய தலைவாசல் கதவுக்குக் கீல் கிடையாது. கதவு மரத்திலேயே மேலும் கீழும் ஒரு முளை விட்டிருப்பார்கள், அதுதான் குடுமி. மேல் குடுமியை நிலையின் மேல்கட்டைக் குழியில் ஏற்றி, கீழ்க் குடுமியை வாசற்படிக் குழியில் இறக்கினால் கதவு அதிலேயே சுழலும். எங்கள் கதவின் கீழ்க் குடுமி தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் குடுமியை அறுத்துவிட்டுப் பித்தளைக் கீல் போடச் சொன்னார்கள். ஆசாரி ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு கனமான கதவு கீலில் தொங்கினால் திருகாணி மரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும் என்றார். தேய்ந்த குடுமிக்கு இரும்புப் பூண் போட்டு, குழிக்குள் ஓர் இரும்புக் கிண்ணம் பதித்தார். அப்போதைக்கப்போது ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். ஒரே சங்கடம், அந்த நிலை ஆறடிக்கும் குறைவு. எங்கள் மாப்பிள்ளை வரும்போதெல்லாம் குனிந்துதான் வருகிறார். பழையபடி குனிந்து வரட்டும் என்று அப்பாவுக்கு உள்ளூர ஒரு திருப்தி.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கும் போனோம். தூண், கதவு, பீங்கான், எனாமல் பாத்திரம் என்று செட்டிநாட்டு வீடுகளின் உடைமை எல்லாம் அங்கே வரிசையாக நிற்கிறது. பர்மாவில் வியாபாரம் செய்தபோது கப்பலில் வந்த தேக்குத் தூண்கள் அவை, இரண்டு கை சேர்த்துப் பிடிக்கமுடியாத பருமன். மனைவிக்கு ஒரு ஜோடித் தூண் மேல் கண். நான் வேண்டாம் என்றேன். மறுபயன்பாடு என்ற பெயரில் அதை வாங்கினால், நன்றாக நிற்கிற இன்னொரு வீட்டை இடித்து விற்க ஒருவருக்குக் காரணம் கொடுக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பு 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியல் எந்த வீட்டையும் காப்பாற்றுவதில்லை. எங்கள் பக்கத்தில் சாதாரணமாக இடிபடும் ஓட்டு வீடுகளிலேயே போதுமான மரம் விறகாகப் போய்க்கொண்டிருக்கிறது, அதைத் தேடி எடுப்பது மேல். பனஞ்சட்டமும் அப்படித்தான். பச்சைப் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும். ஆனால் இடித்த வீட்டுப் பனஞ்சட்டம் வைரம் பாய்ந்து கருங்கல்லாக இருக்கும், கேட்பாரில்லாமல் கிடக்கும். மாட்டுக்கொட்டகைக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் அதைத்தான் போட்டோம், முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவி.

சீமை ஓடு பற்றி. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனைச் சேர்ந்தவர்கள் 1865-இல் தொடங்கிய ஓட்டுத் தொழிலின் வழி வந்தவை இவை. ஓட்டின் முதுகில் கம்பெனிப் பெயர் புடைப்பாக இருக்கும். நல்ல ஓட்டை விரல் கணுவால் தட்டினால் கணீரென்று கேட்கும், விரிசல் விட்டது டப்பென்று கேட்கும். இரும்பு பிரஷ் போட்டு ஓட்டைத் தேய்க்காதீர்கள், மேல்தோல் போய்விடும். தேங்காய் நாரும் தண்ணீரும் போதும்.

பாதி ஓட்டைக் கூரைக்கே மறுபடி போட்டோம். மீதியை மாடித் தளத்துக்குள் வைத்தோம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய ஃபில்லர் ஸ்லாப் முறை இது. தளத்தின் மேல்பாதியில் அழுத்தம், அதைக் காங்கிரீட் தாங்குகிறது. கீழ்ப்பாதியில் இழுவை, அதைக் கம்பி தாங்குகிறது. கம்பிகளுக்கு நடுவே கீழே கிடக்கும் காங்கிரீட் சும்மா கனம்தான். அந்த இடத்தில் இரண்டிரண்டு ஓடாக முகத்தோடு முகம் கவிழ்த்து வைத்தால் சிமெண்ட் மிச்சம், தளமும் இலகு, ஓட்டுக்கு இடையில் நிற்கும் காற்று வெயிலையும் கொஞ்சம் தடுக்கிறது. சிமெண்ட் மிச்சம் என்பது பணத்துக்காக மட்டும் இல்லை. உலகம் முழுக்க வெளியாகும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. எங்கள் இன்ஜினியர் கணக்குப்படி அந்த அறைக்கு மட்டும் காங்கிரீட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

இதைச் செய்கிறவர்கள் கவனிக்கவேண்டியவை சில. கம்பி கட்டும் இடைவெளியை ஓட்டின் அளவு தீர்மானிக்கும். சீமை ஓடு ஏறக்குறைய 16 அங்குல நீளம், 10 அங்குல அகலம். உங்களிடம் இருக்கும் ஓட்டை அளந்து கொடுத்தால்தான் இன்ஜினியர் கம்பி வரைபடம் போடமுடியும். சுவருக்கு அருகிலும் நீட்டிவிட்ட தளத்திலும் இழுவை மேல்பக்கம் வரும், அங்கே ஓடு வைக்கக்கூடாது. பாத்ரூம் தளத்திலும் வேண்டாம். காங்கிரீட் ஊற்றும் முந்தின இரவே ஓட்டைத் தண்ணீரில் ஊறப்போடவேண்டும். மின்விசிறிக் கொக்கியும் லைட் பாக்ஸும் எங்கே வரும் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்து, ஓடுகளுக்கு நடுவே ஓடும் காங்கிரீட் விலாவுக்குள் வரும்படி வைக்கவேண்டும். பின்னால் ஓட்டில் துளை போடமுடியாது. ஊற்றும் அன்று ஆட்கள் ஓட்டின்மேல் மிதித்து நடப்பார்கள், அவர்களுக்கு நடக்கப் பலகை போட்டுவிடுங்கள். சென்ட்ரிங் பிரித்ததும் ஓட்டில் சிமெண்ட் பால் இறங்கிக் காய்ந்திருக்கும், ஈரத்துணியால் அன்றைக்கே துடைத்தால் போய்விடும். மேலே பார்த்தால் சிவப்புக் கட்டம் போட்ட விட்டம், பூச்சும் வேண்டாம், ஃபால்ஸ் சீலிங்கும் வேண்டாம்.

பழைய கல் வெளிச்சுவருக்குப் போதாததால் அதற்குச் சாம்பல் கல் வாங்கினோம். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரித்த சாம்பலைக் கொண்டு செய்வது, சூளையில் வைத்துச் சுடுவதில்லை. எங்கள் பக்கத்துக்கு மேட்டூர்ச் சாம்பல் வருகிறது. கல்லுக்குக் கல் அளவு மாறாது, அதனால் எலிப்பொறிக் கட்டு போடத் தோதாக இருந்தது. கல்லைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்து நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது அது. சுவர் அதே ஒன்பது அங்குலம்தான், கல் கால்வாசி குறையும். பொந்தில் காற்று நிற்பதால் மேற்குச் சுவரின் சூடு உள்ளே வர நேரமாகும்.

இந்தச் சுவருக்கு எதிரி எலக்ட்ரீஷியன். எல்லாம் முடிந்த பிறகு கட்டிங் மெஷினோடு வந்து சுவரைக் கிழித்துப் பைப் புதைப்பதுதான் அவர்களுக்குப் பழக்கம். எங்களிடம் வந்தவர் ஒருவர், நாங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் ஒரு பக்கக் கல்லையே அறுத்துப் பொந்துக்குள் போய்விட்டார். அந்த இடத்தை அடைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. சுவர் எழும்போதே பொந்துக்குள் பைப்பை இறக்கிவிடவேண்டும், ஸ்விட்ச் பாக்ஸ் வரும் இடத்தில் கல்லைப் படுக்கவைத்துக் கெட்டியாகக் கட்டவேண்டும். எலக்ட்ரீஷியனையும் கொத்தனாரையும் ஒரே நாளில் வரவழைத்து, சுவரில் கரிக்கோடு போட்டுக் காட்டினால் மெஷினுக்கே வேலை இருக்காது. சாம்பல் கல் வாங்கும்போது இரண்டு கல்லை ஒன்றோடு ஒன்று மோதிப் பாருங்கள், முனை உதிர்ந்தால் சுண்ணாம்போ சிமெண்டோ குறைத்திருக்கிறார்கள், அல்லது சரியாகத் தண்ணீர் காட்டவில்லை. இன்னும் இறுகாத கல்லை லோடு ஏற்றி அனுப்பும் பட்டறைகளும் உண்டு.

சுண்ணாம்புப் பூச்சு ஒரே ஓர் அறைக்குத்தான் செய்தோம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பை இழுத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அவர் வேகத்துக்கு நாம் காத்திருக்கவேண்டும். நன்றாக இருக்கிறது, வீடு முழுக்கச் செய்யப் பொறுமை இல்லை.

தரைக்கு ஆத்தங்குடி டைல்ஸ். இது பழைய பொருள் இல்லை, புதுசுதான். கண்ணாடித் தட்டின்மேல் வண்ணத்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல். சூளையில் சுடுவதில்லை என்பதால் எரிபொருள் செலவு இல்லை. ஆசிட் ஊற்றித் துடைத்தால் அதன் கதை முடிந்தது, அதை மட்டும் வேலைக்கு வருகிற அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மொட்டைமாடிக்கு டைல்ஸ் கடைகளில் உடைந்து ஒதுக்கிய வெள்ளைத் துண்டுகளைச் சல்லிசாக வாங்கிப் பதித்தோம். கோடையில் கீழ் அறைக்கு அது செய்யும் உபகாரம் கொஞ்சமில்லை.

பழையது என்றாலே எடுத்துக்கொள்ளலாம் என்று இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தொடாதீர்கள். அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகத் திரும்பி வரலாம். உடைக்காமல், அறுக்காமல், நனைத்துவிட்டு முழுசாகக் கழற்றி ஒதுக்கவேண்டும், கோழிக்கூண்டுக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள். பழைய கம்பி இரும்புக் கடைக்கு, தளத்துக்கு அல்ல. ஒயர், ஸ்விட்ச், குழாய் எல்லாமே புதுசாகத்தான் வாங்கவேண்டும். பழைய கதவின் பெயிண்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பி.பி.எம்.-க்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் சாண்டிங் மெஷின் போட்டுப் புழுதி கிளப்பாமல், நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள், ஆசாரிக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள், குழந்தைகள் அந்தப் பக்கம் வரவேண்டாம். சுரண்டியதைச் செடிக்குழியில் கொட்டவும் கூடாது.

கடைசியாக ஒரு காகிதச் சமாச்சாரம். பழைய மரக்கடையிலும் வீடு இடிக்கும் இடத்திலும் ஒழுங்கான பில் கிடைக்காது. வீட்டுக்கடன் வாங்கிக் கட்டினால் வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் வருவார், அவருக்கு எதற்கு எவ்வளவு செலவானது என்று காட்டவேண்டும். எங்களிடம் வந்தவர் ஓடு தெரியும் விட்டத்தைப் பார்த்துவிட்டு, பூச்சு வேலை பாக்கி என்று எழுதப் போனார். இன்ஜினியரின் கையெழுத்துப் போட்ட தள வரைபடத்தை நீட்டிய பிறகுதான் அப்படி எழுதாமல் விட்டார். வாங்கிய ஒவ்வொரு லோடுக்கும் வவுச்சர் எழுதி விற்றவர் கையெழுத்து வாங்கிவைப்பது, இடிக்கும் முன்னும் கட்டும்போதும் தேதியோடு படம் எடுத்துவைப்பது, பணத்தை முடிந்தவரை வங்கி வழியாகவே கொடுப்பது, இந்த மூன்றும் இருந்ததால் அடுத்த தவணை தாமதமாகவில்லை. மதிப்பீட்டில் பழைய தேக்குக்கு அவர் ஒரு ரூபாய்கூடக் கூட்டிப் போடவில்லை, அதை எதிர்பார்த்துக் கடன் கணக்குப் போடாதீர்கள்.